மெதுவாக வைத்தால் நல்ல பாட்டு

உத்திரமேரூர்
3-3-1980

சொக்கம்மாளுக்கு,

இதை எழுதுவது நான்தான். உன் வீட்டுக்காரன் சடையப்பன். கவரின் மேல் உள்ள விலாசமும் நான் எழுதியதே. தென்னேரி என்று எழுதிப் பழக ஒரு சிலேட்டை முழுதாக நிரப்பினேன். தபால்காரர் இதைச் சரியாகக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருந்தால், என் எழுத்து பாலாற்றைத் தாண்டித் தனியாகப் பயணம் போய்விட்டது என்று அர்த்தம். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது.

போன ஆடியில் நீ கிணற்றடியில் விழுந்தாய். புத்தூருக்குப் போய்க் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அப்படியே உன் தம்பி வரதன் வீட்டுக்குப் போய்விட்டாய். ஆவணியில் நான் முதியோர் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நீ இல்லாத வீட்டில் மாலை வேளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கனகா டீச்சருக்கு என் பேத்தி வயது. முதல் நாள் 'ட' எழுதச் சொன்னார். மேலிருந்து ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டேன். "இவ்ளோதான் தாத்தா" என்றார். அறுபத்தாறு வருஷம் இதற்கா பயந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது.

இரண்டு முறை தென்னேரிக்கு வந்தேன். இரண்டு முறையும் நான் மட்டுமே பேசினேன். நீ உள்ளே இருந்து ஒரே ஒரு பேச்சு சொன்னாய். "அந்தக் கொயாய் எறங்கட்டும், அப்பாலே பாக்கலாம்."

குழாய் இறங்கிவிட்டது.

முப்பத்திரண்டு வருஷம் கல்யாணத்துக்கும் கூத்துக்கும் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டும், மைக்கும், பெரிய ஆம்ப்ளிஃபயரும் இப்போது ரேடியோ ரிப்பேர் ஐசக்கின் கடையில் இருக்கின்றன. வேப்ப மரத்தில் கயிறு அறுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. மைக் செட் தொழில் இத்தோடு முடிந்தது. ரெக்கார்டுகளை மட்டும் கொடுக்கவில்லை. நூற்றுப் பதினெட்டும் பரண் மேல் பத்திரமாக உள்ளன. குழாய்களுக்குப் பதிலாக, வீட்டுக்குள் வைத்துக் கேட்கும் செட் ஒன்றை ஐசக் செய்து தருகிறான். அதை ஹை-ஃபை என்கிறான்.

செட் என்றால் நாலு சாமான். ரெக்கார்டு சுற்றும் தட்டு நம்முடையதே. சத்தம் வரும் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, பலாப் பலகையில் அடித்தது. அவற்றை ஓட்ட ஒரு பெரிய பெட்டி. இவை வந்துவிட்டன. தட்டுக்கும் பெரிய பெட்டிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதுதான் பாக்கி. அதன் பெயர் பிரீ ஆம்ப்ளிஃபயர். இதை ஒரு முறை எழுதவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இனி சின்னப் பெட்டி என்றே எழுதுகிறேன்.

ரெக்கார்டின் மேல் முள் ஓடும்போது வருவது எறும்பு ஊருகிற அளவு சத்தம்தானாம். அதைக் கெடுக்காமல் தூக்கிப் பெரிய பெட்டியின் கையில் கொடுப்பது சின்னப் பெட்டி. "நைனா, பெரிய பொட்டி சும்மா கத்தும். இன்னா கத்தணும்னு அதுக்குச் சொல்றது இதுதான்" என்றான் ஐசக்.

அவனிடம் மூன்று சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று டிரான்சிஸ்டர். புதியது, இலேசானது, சுவிட்சைப் போட்டதும் பாடும். இரண்டாவது சீமைப் பெட்டி. மெட்ராஸில் யாரோ துரை வீட்டு ஏலத்தில் வந்தது. உள்ளே கண்ணாடி வால்வு நாலு, முகப்பில் தங்க எழுத்து. மூன்றாவது ஐசக் தன் கையால் செய்தது. அதில் கட்டை விரல் பருமனில் இரண்டு வால்வுகள். பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்திருக்கிறான். மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு குழந்தைப் படம் சிரிக்கிறது. மூன்றையும் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு எது வேண்டும் என்று சொல்லச் சொன்னான்.

நீ சொல். எனக்கு இருப்பது குழாய்க்குப் பின்னால் நின்றே பழகிய காது. உன்னுடையதுதான் காது. நீ சொல்லும் பெட்டியை வைக்கிறேன். வந்து கேள்.

இதை எழுத ஆறு நாள் ஆயிற்று. பிழைகளைக் கனகா டீச்சர் திருத்தினார். கடைசி வரியை மட்டும் அவருக்குக் காட்டவில்லை.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை.

சடையப்பன்
(இது கையெழுத்து. மையில் தோய்த்த விரல் இல்லை.)


தென்னேரி
12-3-1980

உங்களுக்குச் சொக்கம்மாள் எழுதுவது.

கடிதம் வந்தது. "யக்கா, மாமா எய்திகீறாரு" என்று வரதன் கொண்டுவந்து நீட்டினான். நான் நம்பவில்லை. இப்போதும் பாதிதான் நம்புகிறேன். ரேஷன் கார்டு வாங்கும்போது விரலை நீட்டியவர் நீங்கள். அந்த டீச்சர் பெண் இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நீங்களே எழுதியது உண்மை என்றால் ஒன்று செய்யுங்கள். அடிக்கடி போடும் ரெக்கார்டுகளை அடையாளம் தெரிந்துகொள்ள நீங்கள் கலர் நூல் கட்டுவீர்கள். யாராவது பாட்டின் பெயரைக் கேட்டால் காட்டுவதற்காக நான் உறையின் மேல் எழுதி வைப்பேன். சிவப்பு நூல் கட்டிய ரெக்கார்டை எடுங்கள். அதன் உறையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்து, அப்படியே எழுதி அனுப்புங்கள். உறையை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

குழாய் இறங்கியது நல்லது. இறங்கியதை நான் பார்க்கவில்லை.

எந்தப் பெட்டியானாலும் எனக்கு ஒன்றுதான். எனக்குப் பாட்டே வேண்டாம். இங்கே மதகில் தண்ணீர் விழுவது கேட்கிறது. சுவரில் பல்லி சொன்னால் கேட்கிறது. நான் ஒரு முறை பேசினால் போதும், "இன்னா, இன்னா" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. முப்பது வருஷம் அடுப்படியில் இருந்து கத்திக் கத்தியே பேசியதில் என் தொண்டை ஒரு மாதிரி ஆகியிருந்தது. இங்கே வந்து அது சரியாகிவிட்டது.

காலும் கூடிவிட்டது. மேகம் கறுத்தால் மட்டும் குடைகிறது. எருமைக்குப் பிண்ணாக்கை ஊற வைத்துக் கொடுங்கள். அப்படியே போடாதீர்கள்.

சொக்கம்மாள்


உத்திரமேரூர்
21-3-1980

சொக்கம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் இது எனக்குத்தானா என்று மேலே பெயரைத் தேடினேன். நேரில் 'யோவ்' என்று கூப்பிடுகிறவள் கடிதத்தில் 'நீங்கள்' என்கிறாய். எனக்குத் தோளில் யாரோ அங்கவஸ்திரம் போட்டது போல இருந்தது.

சிவப்பு நூல் உறையை எடுத்தேன். நீ எழுதியிருப்பது இது. "கல்யாண மேளம். தாலி கட்டும்போது."

அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. "மெதுவாக வைத்தால் நல்ல பாட்டு."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் நான் படிக்கிறேன். 'மெதுவாக' முடிந்து 'வைத்தால்' வருவதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. முழுதும் புரிந்ததும் இன்னொரு முறை படித்தேன். பிறகு பரணில் இருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். நாலு நாளில் நூற்றுப் பதினெட்டு உறைகளையும் படித்துவிட்டேன்.

பச்சை நூல்: "இதைப் போட்ட அன்று எருமை பால் விடவில்லை." மஞ்சள் நூல்: "ஏரிக்கரை வரை கேட்டதாம். எனக்குத் தலைவலி." கறுப்பு நூல்: "வரதன் கல்யாணத்தில் ஏழு தடவை. பெண் வீட்டார் பந்தியில் இருந்து எழுந்து போனார்கள்." நீல நூலில் ஒரு அம்மா பாடுவாரே, அதில் இப்படி எழுதியிருக்கிறாய். "இந்தக் குரலுக்குள் ஓர் அழுகை இருக்கிறது. குழாயில் அது வருவதில்லை."

முப்பது வருஷமாக என் மேல் பிராது எழுதி என் கையிலேயே கொடுத்திருக்கிறாய். நான் அதையெல்லாம் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பாட்டுப் பெயரைக் கேட்டு உறையை வாங்கிப் பார்த்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்குக் கோபமே வரவில்லை. எவ்வளவு நல்ல எழுத்து உன்னுடையது. வரிசையாக நாற்று நட்டது போல இருக்கிறது. இத்தனை நாள் அது வெறும் கீறல் என்று நினைத்தேன்.

இனி பெட்டி விஷயம். மூன்றையும் சோதித்துவிட்டேன். என் சோதனை உனக்குத் தெரியும். பாட்டைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் வரை வார்த்தை புரிகிறதோ அவ்வளவு நல்ல செட். ஐசக் செய்த பெட்டி பக்கத்து வீட்டுச் செங்கேணியின் வைக்கோல் போரோடு நின்றுவிட்டது. சீமைப் பெட்டி அவன் பம்புசெட் வரை வந்தது. டிரான்சிஸ்டர் பெட்டி ஏரிக்கரை வரை என் கூடவே வந்தது. கரை மேல் நின்று கேட்டேன். வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. செங்கேணி மடை திருப்பிக்கொண்டிருந்தான். "இன்னா சடையப்பா, கொயாயை எறக்கிட்டேன்னியே. வூட்டுக்குள்ள ஏத்திக்கினியா?" என்றான்.

டிரான்சிஸ்டர் என்றே முடிவு செய்திருக்கிறேன். ஐசக்கிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்று ஒரு வரி எழுது.

சடையப்பன்


தென்னேரி
28-3-1980

உங்களுக்கு,

நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று நம்பிவிட்டேன். நீங்கள் ஒரு நாள் படிப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் பாட்டின் பெயரோடு நிறுத்தியிருப்பேன். சிவப்பு உறையில் கீழே ஒரு வரி எழுதியது எனக்கு மறந்தே போயிற்று. மறந்துதான் போயிற்றா என்று கேட்டு எழுதாதீர்கள். கறுப்பு நூல் விஷயம் வரதனுக்குத் தெரிய வேண்டாம். எருமை விஷயம் உண்மை.

வீட்டுக்குள் கேட்க ஒரு செட் என்று எழுதிவிட்டு, ஏரிக்கரையில் நின்று சோதித்திருக்கிறீர்கள். அங்கே யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்? நானா, எருமையா? வரதனுக்கு அந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். அவனுக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வாயெடுத்தால் நீங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

அன்று கூத்துக்குக் கிளம்பும் முன் நீங்கள் மரத்தில் குழாயைக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கிணற்றடிக் கல்லில் வழுக்கி விழுந்தேன். என் கால் வேறு யாருடையதோ போலப் பக்கத்தில் திரும்பிக் கிடந்தது. உங்களுக்கும் எனக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். உங்கள் முதுகு தெரிந்தது.

முதல் பாட்டு முழுதும் உங்களைக் கூப்பிட்டேன். இரண்டாவது பாட்டு முழுதும் எதிர் வீட்டுப் பாஞ்சாலியைக் கூப்பிட்டேன். மூன்றாவது பாட்டில் யாரையும் கூப்பிடவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பாஞ்சாலி தண்ணீர் இறைக்க வந்ததால் பார்த்தாள். ஓடிப்போய் உங்களைக் கூட்டி வந்தாள். வந்து நின்று நீங்கள் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? "இன்னாமே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

நான் இங்கே இருப்பது காலுக்காக இல்லை. கால் தையிலேயே கூடிவிட்டது. அந்தப் பேச்சுக்காக இருக்கிறேன்.

எந்தப் பெட்டி என்று இனி என்னைக் கேட்காதீர்கள்.

சொக்கம்மாள்


உத்திரமேரூர்
2-4-1980

சொக்கம்மாளுக்கு,

மற்றவர்கள் போல எனக்கு வேகமாகப் படிக்க வராது. மூன்று பாட்டு என்று நீ எழுதிய இடத்தை ஓடித் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் போனேன்.

நேற்று ஐசக்கின் கடைக்குப் போய்க் குழாய் ஒன்றைத் திரும்ப எடுத்து வந்து மரத்தில் கட்டினேன். கோபப்படாதே, மீதியையும் படி. ஐசக்கைப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு அழைத்துவந்து அதன் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்று நான் வைத்திருந்த அளவுக்குச் சத்தத்தை வைக்கச் சொன்னேன். பிறகு கிணற்றடிக்குப் போய், நீ விழுந்த கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மைக் இல்லாமலே பஜார் வரை போகும். அந்தத் தொண்டையால் ஐசக், ஐசக் என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. முதல் பாட்டு முடியும் வரை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. இரண்டாவது பாட்டுக்கு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இரண்டு காலும் நன்றாக இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

நீ குரல் கொடுத்திருக்கிறாய். கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் கேட்ட கேள்வி தப்பு.

குழாயை அப்போதே இறக்கி ஐசக் எடுத்துப் போய்விட்டான். இந்தக் கடிதத்தில் எதையும் டீச்சருக்குக் காட்டவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சடையப்பன்


உத்திரமேரூர்
12-4-1980

சொக்கம்மாளுக்கு,

பத்து நாளாகப் பதில் வரவில்லை. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதலாம் அல்லவா? எழுதத் தெரிந்ததில் இது ஒரு நன்மை.

கேட்காதே என்று எழுதினாய். அதனால் கேட்கவில்லை, சொல்கிறேன். பெட்டி முடிவாகிவிட்டது. அது எப்படி முடிவானது என்பதைக் கேள்.

டிரான்சிஸ்டர் பெட்டியை நான் ஏரிக்கரையில் சோதித்ததை ஐசக்கிடம் சொன்னேன். அவன் கையில் இருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டான். "ஊரே குந்திக்கினு கேட்டுது. நீ என்னிக்காவது குந்திக் கேட்டிருக்கியா நைனா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். இல்லை. நம் மகள் கல்யாணத்தில்கூட மணையில் தாரை வார்த்துவிட்டு ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றுகொண்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட நான் அதன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டதில்லை.

ஐசக் நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கரையும் சுவரோரம் வைத்து, எட்டடி தள்ளி நடுவில் பாயைப் போட்டான். முதலில் சீமைப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். நாலு கண்ணாடியும் ஒவ்வொன்றாகச் சிவந்து வரும். கார்த்திகைக்கு அகல் ஏற்றினது போல இருந்தது. நீல நூல் ரெக்கார்டை மெதுவாக வைத்தான்.

சொக்கம்மா, அந்த அம்மா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுக்கிறார். ஆயிரம் தடவை அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறேன். அவர் மூச்சு விடுகிறவர் என்றே எனக்குத் தெரியாது. கடைசி அடியைத் தொடங்கும்போது குரல் ஓர் இழை விட்டுச் சேருகிறது. நீ எழுதினாயே அழுகை என்று, அது அங்கேதான் இருக்கிறது. குழாயின் பின்னால், அடுப்படியில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே நீ அதை எப்படிக் கண்டுபிடித்தாய்? ஐசக்கிடம் உறையைக் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான். "ஆயா காதை வெச்சிக்கினு நான் பத்து பொட்டி செய்வேன்" என்றான்.

சீமைப் பெட்டிதான் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் செங்கேணி பம்புசெட் மோட்டாரைப் போட்டான். வோல்டேஜ் இறங்கியது. நாலு வால்வும் மங்கின. பாட்டுக்கு அடியில் ம்ம் என்று ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. செங்கேணியிடம் போய் ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "இன்னாய்யா, நீ பாட்டு கேக்க எம் பயிரு காயணுமா?" என்றான். அவன் சொன்னது சரி. பக்கத்தில் மோட்டார் ஓடாத வீட்டுக்குத்தான் சீமைப் பெட்டி.

அப்போதுதான் எனக்குச் சோதனை எது என்று புரிந்தது. பாட்டை வார்த்தை புரிகிற அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். செங்கேணி மோட்டார் ஓட வேண்டும். கிணற்றடியில் இருந்து ஒருவர் கத்தாமல் கூப்பிட வேண்டும். பாயில் உட்கார்ந்தவனுக்குப் பாட்டும் கேட்டு, கூப்பிட்ட குரலும் கேட்டால், அதுதான் நம் பெட்டி.

கூப்பிடப் பாஞ்சாலியை அனுப்பினேன். "இன்னான்னு கூப்புடறது?" என்றாள். உன் இஷ்டம் என்றேன்.

டிரான்சிஸ்டர் பெட்டியில் சத்தத்தைக் குறைத்தால் தவில் காணாமல் போகிறது. வார்த்தையின் மேல் அரிசி புடைப்பது போல ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தவில் வரும் வரை ஏற்றினேன். பாஞ்சாலி கூப்பிட்டது கேட்கவில்லை. தூரத்துக்குப் போகிற பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கத் தெரியவில்லை. சீமைப் பெட்டியில் அந்த ம்ம் சத்தம் அவள் குரலை மூடிக்கொண்டது. 'அண்ணே' என்பது வரை வந்தது, மீதி வரவில்லை.

கடைசியாக ஐசக் செய்த பிஸ்கட் டின் பெட்டி. இரண்டு வால்வும் மெல்லச் சிவந்தன. மோட்டார் ஓடியும் மங்கவில்லை. "நம்ம ஊரு வோல்டேஜ் எனக்குத் தெரியாதா? அதுக்குன்னே செம்புக் கம்பி சுத்திகீறேன்" என்றான். அதில் தவிலுக்கு ஒரு குமிழ் தனியாக இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் குமிழை மட்டும் கொஞ்சம் திருப்பினால், தவில் போகாமல் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வார்த்தை பக்கத்தில் இருந்து பேசுவது போல வருகிறது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவே, பாட்டைக் கெடுக்காமல், கிணற்றடியில் இருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது. "அண்ணே, பொங்கலுக்கு வாங்கின எங்க வூட்டு அண்டாவை எப்பண்ணே குடுப்பே?"

ஐசக்கைக் கட்டிக்கொண்டேன். அண்டாவை அன்றே கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால் வால்வு அதிர்ந்து ஸ்பீக்கரில் டிங் என்கிறது. அதற்குக் கீழே உன் பழைய சுங்கடிப் புடவையை நாலாக மடித்து வைத்தேன். நின்றுவிட்டது.

இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் சரியாகச் சேரும் இடம் நடுவில் ஒன்றுதான், அங்கே ஓர் ஆள்தான் உட்கார முடியும் என்கிறான் ஐசக். அந்த இடத்தில் உன் மணையைப் போட்டிருக்கிறேன். நான் கிணற்றுப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன்.

சடையப்பன்


தென்னேரி
16-4-1980

உங்களுக்கு,

இரண்டாம் தேதி எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தாள் எடுத்தேன். மூன்றையும் கிழித்தேன். தப்பு என்று உங்கள் வாயில் இருந்து நான் கேட்டதில்லை. வாயால் சொல்லியிருந்தால் அது அன்றோடு போயிருக்கும். எழுதிவிட்டதால் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் சோதனை செல்லாது. பாஞ்சாலிக்கு என்ன, கோயில் மணி மாதிரி தொண்டை. அவளை வைத்துச் சோதித்தால் எந்தப் பெட்டியும் தேறிவிடும். அவள் குரல் கேட்டால் என் குரல் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் வியாழக்கிழமை, இருபத்து நாலாம் தேதி, மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். சிவப்பு நூல் ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருங்கள். செங்கேணியை மோட்டார் போடச் சொல்லுங்கள். நான் வாசல் வழியாக வர மாட்டேன். பின்பக்கமாகக் கிணற்றடிக்குப் போய் ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். கத்த மாட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட மாட்டேன்.

வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்குத் திரும்புகிற பஸ் நாலரைக்கு இருக்கிறது என்று வரதன் விசாரித்துச் சொல்லியிருக்கிறான். அது வரை மூட்டையைப் பிரிக்க மாட்டேன்.

சொக்கம்மாள்


(சிவப்பு நூல் ரெக்கார்டின் உறையில், "மெதுவாக வைத்தால் நல்ல பாட்டு" என்ற வரிக்குக் கீழே, பெரிய எழுத்தில்)

24-4-1980

மெதுவாக வைத்தேன். நல்ல பாட்டு.

தவில் தொடங்குவதற்கு முன் கிணற்றடியில் இருந்து "யோவ்" என்று கேட்டது. நான் எழுந்த வேகத்தில் முழங்கால் ரெக்கார்டு சுற்றும் தட்டின் மேல் இடித்து, முள் ரெக்கார்டைக் கீறிவிட்டது. இனி எப்போது போட்டாலும் அந்த இடத்தில் ஒரு டிக் சத்தம் வரும். வேறு ரெக்கார்டு வாங்கித் தருகிறேன் என்றான் ஐசக். வேண்டாம் என்றேன்.

சடையப்பன்

(அதன் கீழே, சின்ன எழுத்தில்)

நாலரை பஸ் போய்விட்டது. எருமைக்குப் பிண்ணாக்கு ஊற வைக்கவே இல்லை.